குதிரைக்கு உருவிவிட்டவர்

எனக்குச் சீராக எழுத வராது, மறதியும் உண்டு; குறை நினைக்க வேண்டாம்.

கரவெட்டியில் என் மகன் வளர்க்கும் குதிரை நொண்டத் தொடங்கியதும், முடமாகிவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து குதிரைக்கு உருவிவிடும் ஒருவரைக் கூப்பிட்டோம். மெலிந்த உடம்பு, பெரிய கைகள். தொடுமுன் இரண்டு உள்ளங்கைகளையும் குதிரை மோந்து பார்க்கக் கொடுத்தார். பிறகுதான் தொடையை மெல்ல உருவினார். கயிற்றைப் பிடித்திருந்த என் கை நடுங்கியது.

“அம்மா, உங்கடை நடுக்கம் கயித்தாலை அதுக்குப் போகுது. விடுங்கோ.”

“விட்டால் ஓடிப்போடுமெல்லோ, தம்பி!”

“ஓடினால் கால் சுகமெண்டு சந்தோசப்படுவம்.”

விட்டேன். அது ஓடவில்லை, அவர் தோளில் தாடையை வைத்து நின்றது. கால் பிறகு தேறியது. ஆனால் அன்று குதிரை ஓட இயலாமல் நின்றதோ, அவரை விட்டுப் போக மனமில்லாமல் நின்றதோ, இன்றும் எனக்குப் புரியவில்லை. நொண்டியது இடது காலா, வலது காலா என்பதை மட்டும் யாராவது மகனிடம் கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.