கச்சேரியில் வரைகிறவள் மேல் ஒரு கண்

கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே வித்வானை வரைகிறேன் என்று சொன்னால், எங்கள் பக்கத்தில் யாரும் முதல் தடவையிலேயே நம்பிவிடுவதில்லை. வார நாட்களில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இயந்திர பாகங்களை வரைகிறேன். அவை அசையாது, முறைக்காது, யார் நீ என்று கேட்காது. சனி, ஞாயிறு வந்தால் மடியில் அட்டை, பக்கத்தில் வாட்டர் கலர் டப்பா, ஏதாவது ஒரு மேடை. பொது இடத்தில் நோட்டைத் திறந்து வரைந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், முதுகில் குத்துகிற அந்தப் பார்வையை நான் விளக்க வேண்டியதில்லை.

கொக்கி

அண்ணனூரில் அம்மன் கோயில் ஆடித் திருவிழா. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப வாசித்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்து பார்ப்பதும் குனிந்து கோடு போடுவதுமாக இருந்தேன். கழுத்தில் மஞ்சள் துண்டு போட்ட கமிட்டிக்காரர் ஒருவர் என்னை மூன்று முறை சுற்றி வந்தார். நான்காவது சுற்றில் நின்றுவிட்டார்.

"இன்னாம்மா எழுதிகினு கீறே? ஈபி ஆபீஸா?"

படம் என்றேன். நம்பாமல் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். நாதஸ்வரக்காரரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். கடைசியில் அவர் விரல், வித்வானின் தலைக்கு மேல் நான் போட்டிருந்த ஒரு மெல்லிய கோட்டில் வந்து நின்றது. சீரியல் லைட்டுக்காகத் தெருக் கம்பத்திலிருந்து கொக்கி போட்டு இழுத்திருந்த ஒயர் அது. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காதோடு சொன்னார்:

"படம் சோக்கா கீது. அந்த ஒயர மட்டும் அழிச்சுடு."

மிருதங்கக்காரரின் மனைவி

ஆவடியில் குவார்ட்டர்ஸ் ஹாலில் ஒரு கச்சேரி. மிருதங்கம் வாசித்தவர் பகலில் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அவருடைய மனைவி, திருநெல்வேலிக்காரர், இரண்டு வரிசை தள்ளி இருந்தவர், ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஒரு நாற்காலி நகர்ந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்துவிட்டார். நான் அவர் கணவரை உற்றுப் பார்க்கிறேன். அந்த அம்மா என்னை உற்றுப் பார்க்கிறார். தனி ஆவர்த்தனம் முடியும்வரை இதுதான் நடந்தது.

கச்சேரி முடிந்ததும் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பாராட்டு வரப்போகிறது என்று நான் தூரிகையைக் கழுவ ஆரம்பித்தேன்.

"தொப்பை அவிய தொப்பைதான். இந்தச் சிரிப்பு யாரைப் பாத்துச் சிரிச்சது, அதைச் சொல்லுங்க."

நாற்காலியில் வைத்த படம்

படம் வரைகிற நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ரேவதி டீச்சர் வீட்டு மாடியில் கூடுவோம். டீச்சர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் எடுக்கிறவர். தாமு அண்ணன் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர். படத்தை ஒரு நாற்காலியில் வைக்க வேண்டும். மற்றவர்கள் பேசி முடிக்கிறவரை வரைந்தவர் வாய் திறக்கக்கூடாது. அதுதான் விதி.

அன்று நான் வைத்தது ஒரு வயலின்காரர் படம். ஒரு மாதம் பாடுபட்டு என் கோடுகளைச் சுத்தமாக்கி வைத்திருந்தேன். தாமு அண்ணன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "வில்லு நிக்குதும்மா. கச்சேரில எவன் வில்ல நிறுத்திகினு போஸ் குடுப்பான்?" என்றார். டீச்சர் இன்னும் நேராகவே கேட்டார், போனில் போட்டோ எடுத்து வீட்டில் வைத்து வரைகிறாயா என்று. வாய் திறக்கக்கூடாது என்ற விதியால் நான் விழுங்கிய பதில்கள் இன்னும் தொண்டையில் இருக்கின்றன. அடுத்த மாதம் எங்கள் கண்காட்சி. என் படங்களுக்குக் கீழே 'கச்சேரி நடக்கும்போதே வரைந்தது' என்று அட்டை வைப்பதாக ஏற்பாடு. எனக்கென்று இருந்த ஒரே பெருமை அது.

டீச்சர் என் தோளில் கை வைத்தார். "கோவிச்சுக்காதே. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடலாம்."

இருட்டு

அதற்கடுத்த சனிக்கிழமை சாயங்காலம் பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வயலின் கச்சேரி. வாசிக்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பாதியில் திரும்பிப் பார்த்தால், கடைசி வரிசையில் தாமு அண்ணனும், முக்காடு போட்ட ரேவதி டீச்சரும். என் இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு இவர்களும் கச்சேரி வரையக் கிளம்பிவிட்டார்களா? முழங்கையால் படத்தை மறைத்துக்கொண்டேன். மூக்கு இரண்டு தடவை தப்பியது.

அப்போது கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் முனகிவிட்டு நின்றுவிட்டது. அந்தப் பெண் நிறுத்தவில்லை; மைக் இல்லாமலே வாசித்தாள். இப்போது எழுந்தால் ஓடிப்போனாள் என்பார்களே என்ற ரோஷத்தில் நானும் நிறுத்தவில்லை. எது எந்த வண்ணம் என்று தெரியவில்லை. சத்தம் நீண்டால் தூரிகையை நீட்டினேன், துள்ளினால் துள்ளவிட்டேன். விளக்கு வந்தபோது பார்த்தால், வில் இருந்த இடத்தில் ஏழெட்டுக் கோடுகள். முகம் பச்சை. கிழித்துப் போடலாம் போலிருந்தது.

இருவரும் முன்னால் வந்து நின்றார்கள். "வேவு பாக்க வந்தீங்களா?" என்றேன்.

"ஆமாம்மா," என்றார் தாமு அண்ணன், கொஞ்சமும் கூசாமல். "போட்டோவப் பாத்துதான் போடுறேனு நெனச்சோம். தப்புதான்." பிறகு படத்தைப் பார்த்து, "மூஞ்சி பச்சையாப் பூட்ச்சு. ஆனா வில்லு ஓடுது," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீச்சர் படத்தை விரலால் தொட்டார். ஈரம். விரலில் ஒட்டிய பச்சையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கரண்ட் போகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

வாசித்தவள் வந்தாள்

கண்காட்சியில் அந்தப் படத்தைத்தான் வாசலுக்கு நேராக மாட்டினார்கள். அட்டையில் அந்த வரியைத் தன் கையாலேயே எழுதியவர் ரேவதி டீச்சர். மன்னிப்பு என்று அவர் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். இரண்டாம் நாள் அந்த வயலின் பெண் வந்தாள். தன் பச்சை முகத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். திட்டுவாளோ என்று நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். தாமு அண்ணன்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து முன்னால் நிறுத்தினார். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அன்னைக்கு வயித்தைப் புரட்டிக்கிட்டு வந்துச்சு, மூஞ்சி இப்படித்தான் ஆயிருக்கும். அதோடதான் வாசிச்சேன், எங்கம்மாகிட்டகூடச் சொல்லலை. உங்களுக்கு யார் சொன்னது?"

சந்தேகப்படுகிறவர்கள்தான் ஒரு படத்தைக் கடைசிக் கோடு வரைக்கும் பார்க்கிறார்கள் என்று தெரிந்துபோனதால், இப்போதெல்லாம் பார்த்தவுடனே 'சூப்பர்' என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்கள் மேல்தான் எனக்கு ஒரு கண்.