சாவியை எடுத்தும் நிற்காத வண்டி

மனைவியோடு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, இன்று உச்சி வெயிலில், கோட்டை அடிவாரத்தில் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தேன். வண்டி தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

சாவி என் கையில் இருந்தது. சுற்றிலும் எங்களைத் தவிர ஓர் ஆள்கூட இல்லை.

ஐம்பது வயதில் மைனர் ஆசை வந்து, போன அமாவாசையன்றுதான் இந்தப் பழைய வண்டிக்கு ஊரே அலறும் சைலன்சர் மாட்டினேன். அன்றிலிருந்து சத்தம் ஏறியது, இழுவை குறைந்தது.

"அமாவாசையில மாட்டாதன்னு சொன்னேனே, கேட்டாதானே!" என்று மனைவி பின்சீட்டிலிருந்து குதித்திறங்கி, டேங்கில் அம்மன் குங்குமத்தை அப்பினாள். அதே நொடி நான் பிரேக்கை மிதித்தபடி கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். யாருக்குப் பயந்ததோ, வண்டி நின்றது.

மெக்கானிக்குக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"சைலன்சர மாத்திட்டு கார்புரேட்டர அப்டியே வுட்டா எப்டிண்ணா? பெட்ரோல் பத்தாம இன்ஜின் கொதிக்குது. அந்தச் சூட்டுலயே சாவி இல்லாம ஓடுது. இன்னும் ரெண்டு நாள் ஓட்டுனா பிஸ்டன் இறுகிப் புடிச்சிக்கும். பழசயே மாட்டிடுங்க."

பேயில்லை என்றதும் எனக்கு உயிர் வந்தது.

"மொதல்ல வண்டிய ஆப் பண்ணுங்கண்ணா, நீங்க பேசறது சரியாவே கேக்கல" என்றான்.

வண்டி நின்று பத்து நிமிடம் ஆகியிருந்தது.

பழைய சைலன்சரை மாட்டிவிட்டேன். போனில் ஓடிய அந்த வண்டி யாருடையது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவரிடமும் கழற்றச் சொல்ல வேண்டும்.