மகன் சேர்த்து வைத்த பேச்சு

எனக்கு எழுபத்தாறு வயது. இந்தக் கேமரன் மலையில் தேயிலை பறித்தே ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். கோலாலம்பூரில் கணினி வேலை பார்த்த மூத்தவன் போன வருடம் இறந்துபோனான்.

அவனுடைய பழைய கணினியில் இருந்ததையெல்லாம் அவன் மகள் தேவி புதியதற்கு மாற்றினாள். ‘அம்மா’ என்று பெயர் வைத்திருந்த கோப்புகள் மட்டும் திறக்கவில்லை.

“காலியா இருந்தா அழிச்சிடு லா,” என்றேன். எனக்கென்று அவன் எதுவும் வைக்கவில்லையே என்ற வீம்பு.

“காலி இல்ல பாட்டி, இதெல்லாம் லிங்க். அப்பா விண்டோஸுக்குள்ளயே யூனிக்ஸ் மாதிரி இன்னொரு சிஸ்டத்த ஓட்டுனாரு. அதுக்கு, உண்மையான ஃபைல் எங்க இருக்குன்னு வழி சொல்ற சீட்டு இது. மாத்தும்போது லிங்க்குங்கிற அடையாளம் போயிருச்சி. திரும்பப் போட்டா திறந்துரும்.”

இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் போட்டாள். திறந்தது. என்னோடு போனில் பேசியதையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தான்.

அவன் குரலுக்கு ஏங்கிக் காது கொடுத்தேன். கேட்டதெல்லாம் என் குரல்தான். மழை, முட்டி வலி, மருமகள் மேல் குறை. நடுவில் அவன், “அம்மா, உங்ககிட்ட ஒன்னு...” என்று ஆரம்பிப்பான். நான் பேச விடவில்லை. கடைசியில், “சரிம்மா,” என்று வைத்துவிடுவான்.

அந்த ஒன்று என்னவென்று இனி யாரைக் கேட்பேன்?

தேவி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதைப் படிச்சுக் காட்டு கண்ணு. நான் குறுக்கே பேச மாட்டேன்.