இடுப்பளவு மணல்

உச்சி வெயிலில் காய்ந்த மணலை இடுப்பு வரை தள்ளி மூடும்போது இரண்டு கால்களும் ஒன்றுபோலத்தான் சுடும். இடது கால் சூடு பொறுக்காமல் மண்ணுக்குள்ளேயே நெளியும், வலது கால் மட்டும் அத்தனை சூட்டையும் வாங்கிக்கொண்டு சும்மா கிடக்கும். அறுபதுகளின் கடைசியில், பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் மீனவக் குப்பத்தில் எனக்கு நடந்த வைத்தியம் அது. அப்போது எனக்கு ஆறு வயது.

காய்ச்சல் வந்தது ஒரு கோடையில். கோடையில் பிள்ளைக்கு உடம்பு கொதித்தால் எங்கள் பக்கத்தில் "அம்மா வந்துகிறா" என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். பிறகு அந்த வீட்டில் தாளிப்பு கிடையாது, ஊசி மருந்து என்ற பேச்சே கிடையாது. என் அம்மா காலையும் மாலையும் என் சட்டையைக் கழற்றி, "முத்து" போட்டிருக்கிறதா என்று முதுகையும் வயிற்றையும் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு முத்தும் வரவில்லை. காய்ச்சல் தானாக இறங்கியதும் ஆத்தாள் மனமிரங்கிவிட்டாள் என்று பூரித்துப்போய், மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்ற என்னைத் தூக்கி நிறுத்தினாள். நான் விழுந்தேன். "இன்னாடி வெளையாட்டு, நேரா நில்லு" என்று அதட்டி மறுபடி நிறுத்தினாள், மறுபடியும் விழுந்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

பொன்னேரியில் டாக்டர் பார்த்துவிட்டு இளம்பிள்ளை வாதம் என்றார். முதல் நாளே கொண்டுவந்திருந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பேச்சை என் அம்மா சாகும்வரை நம்பவில்லை.

அதற்குப் பிறகு குப்பமே வாயை மூடிக்கொண்டது. என்னை இடுப்பில் தூக்கித் திரிந்த பக்கத்து வீட்டு அத்தை, எங்கள் வாசலைக் கடக்கும்போது தன் மகனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அடுத்தது எந்த வீடு என்று தெரியாத பயம் அது, அவளிடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மணல் யோசனையைச் சொன்னவர் என் பெரியப்பா. "சுடு மண்ணுல நிக்க வெச்சா செத்த நரம்பு முழிச்சிக்கும்" என்றார். அம்மா தினமும் கரையில் குழி தோண்டி, என்னை அதில் நிறுத்தி மூடிவிட்டு, கருவாடு திருப்பிப்போடப் போய்விடுவாள். "அசையாத, அசைஞ்சா சூடு எறங்கிப் பூடும்" என்பது கட்டளை. நண்டுக்குப் பயம், முகர்ந்து பார்க்க வரும் நாய்க்குப் பயம். எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீருக்குப் பயம். ஏரியின் முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் கடல் உள்ளே ஏறும், அதுவும் அமாவாசையென்றால் கரையையே தின்றுவிடும்.

அப்படியொரு அமாவாசை அன்று, கருவாடு எடுக்க வந்த தெலுங்கு வியாபாரியோடு அம்மா பேசி முடிக்க நேரமாகிவிட்டது. தண்ணீர் முதலில் என் வயிற்றைத் தொட்டுத் திரும்பியது, பிறகு திரும்பாமல் நின்றது. நனைந்த மணல் இறுகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் கத்தினேன், காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. ஏரியோடே பிறந்து வளர்ந்த ஒருத்தி அமாவாசையை மறந்தாள் என்றால் அவள் மனம் எங்கே கிடந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு யோசிக்கிறேன். தண்ணீர் மார்புக்கு வந்தபோது அம்மா ஓடிவந்து விழுந்தாள். கைகளாலேயே தோண்டினாள், நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, தோண்டத் தோண்ட மணல் சரிந்து மூடியது. கடைசியில் என் அக்குளில் கைகொடுத்து வேரைப் பிடுங்குவதுபோல் பிடுங்கி எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து என் நைனாவிடம் சொன்னாள்: "நடக்கலன்னா போவுது. இனிமே என் புள்ளைய மண்ணுல பொதைக்க மாட்டேன். நானே தூக்கினு திரியறேன்." அம்மா சொன்னபடியே செய்தாள். பள்ளிக்கூடத்துக்கும் அவள் இடுப்பில்தான் போனேன்.

பிறகு வலது முட்டியைக் கையால் அழுத்திக்கொண்டு நடக்கப் பழகினேன். கும்மிடிப்பூண்டிக்கு வந்து தையல் மெஷின் போட்டு, இடது காலால் மட்டும் மிதித்துப் பிழைத்தேன். இப்போது அந்த இடது காலும் படியேறினால் நடுங்குகிறது. இத்தனை வருடம் இரண்டு கால் வேலையை ஒரு கால் செய்த களைப்பு அது என்றார் டாக்டர். சின்னப் பையன், இந்த நோயைப் புத்தகத்தில் படித்ததோடு சரியாம், கூடப் படித்தவர்களையும் கூப்பிட்டு என் காலைக் காட்டினார். பொருட்காட்சி மாதிரி உட்கார்ந்திருந்தேன், எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் பார்க்க வேறு கால் கிடைக்காத காலம் வந்துவிட்டதே என்பது சந்தோஷம்தான்.

எங்கள் லைன் வீட்டில் அடுத்த அறையில் இருக்கும் பெண் கம்பெனி வேலைக்குப் போகிறவள். மகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்த கையோடு அதை மறந்தும்போனாள். இளம்பிள்ளை வாதம் என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது. போன மாதம் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான் என்று என் புத்திக்குத் தெரியும். ஆனாலும் இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அவர்கள் வாசலில் உட்கார்ந்தேன். குழந்தை பாயில் சுருண்டு கிடந்தாள்.

"கண்ணு, பெரிம்மாவுக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டாறியா?" என்றேன்.

"காய்ச்சல்ல கெடக்குற புள்ளைய வேல வாங்கறியே பெரிம்மா, நான் தரமாட்டனா?" என்று அவள் அம்மா குறைப்பட்டுக்கொண்டாள். குழந்தை எழுந்தாள், உள்ளே நடந்தாள், சொம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். தாகமே இல்லை, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.