ரெஜினாக்கா ஓடவில்லை

மதியச் சாப்பாட்டுக்குத் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் போன் வந்தது. ரெஜினாக்காவின் தம்பி மனைவி ஸ்டெல்லா பேசினாள். “ஜரீனாக்கா, ரெஜினாக்காவ லாரி அட்ச்சிட்ச்சி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே பூட்டாங்க” என்றாள். எங்கே என்று கேட்டேன். எண்ணூர் நெடுஞ்சாலையில், கத்திவாக்கத்துக்குத் திரும்பும் இடத்தில், எதிர்ப்பக்கம் பஸ் பிடிக்க ரோட்டைக் கடக்கும்போது என்றாள்.

அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் அது அடங்கவில்லை. அஞ்சலிக்கு இந்தத் தொனி ஆகாது என்று நினைப்பவர்கள் இதை இப்போதே மடித்து வைத்துவிடலாம்.

உங்களில் பலருக்கு அவரை நேரில் தெரியும். சார்ஜாவுக்கோ மஸ்கட்டுக்கோ குவைத்துக்கோ புறப்படும் முன்பு கத்திவாக்கத்தில் அவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போனவர்கள்தானே நீங்கள்? ஏஜென்ட் விசாவைக் கையில் திணித்து ஏர்போர்ட் வாசலில் தள்ளிவிட்டுப் போய்விடுவான். இறங்கிய பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்று அவனுக்குக் கவலையில்லை. ரெஜினாக்கா ஜாக்கெட் தைத்துக்கொண்டே அதைச் சொல்வார். ரூமுக்குப் போனதும் முதல் வேலையாகக் கட்டிட வாசலையும் பக்கத்துக் கடையின் அரபிப் பலகையையும் போட்டோ எடுத்துக்கொள். டாக்சிக்காரனிடம் வாயால் விளக்காதே, போட்டோவைக் காட்டு. ரூமில் வைஃபை இருக்கும்போதே மேப்பை இறக்கி வை, வெளியில் நெட் கிடைக்காது. பாஸ்போர்ட்டைப் போட்டோ எடுத்து ஒன்றை போனில் வை, ஒன்றை ஊரில் அம்மாவுக்கு அனுப்பு. பஸ்ஸில் முன் சீட்டு பெண்களுக்கு, கூச்சப்பட்டுக்கொண்டு பின்னால் போய் நிற்காதே. உச்சிவெயிலில் குறுக்குவழி என்று மணலில் இறங்காதே. “வழி தப்பிட்டா நடந்துகினே இருக்காத. நின்னுடு. எங்க நின்னாலும் ஒரு மலையாளி கடை கண்ணுல படும்” என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் கூட இருந்தேன். சார்ஜாவில் ஒரே தையல் கம்பெனியில் ஒரே ரூமில் இருந்தோம். போன புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை கடற்கரைக்குப் போனோம். ரூம் வடக்கே இருந்தது. திரும்பும்போது ரெஜினாக்கா யாரையும் கேட்கவில்லை. கடலை வலது கையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். நம் பக்கத்தில் அப்படித்தானே? கடல் கிழக்கே. அதை வலது கையில் வைத்து நடந்தால் எண்ணூர், இடது கையில் வைத்தால் ராயபுரம். கட்டுமரக்காரர் மகள் அவர், கடல் பொய் சொல்லும் என்று கனவிலாவது நினைத்திருப்பாரா? அந்த ஊரில் கடல் மேற்கே இருக்கிறது. வடக்கே போவதாக நினைத்துத் தெற்கே போய்க்கொண்டிருந்தோம். வெயிலில் நாக்கு வறண்டு, கடைசியில் ஒரு மலையாளி மளிகைக் கடைக்காரர்தான் தண்ணீர் கொடுத்து, நாங்கள் வந்த வழியையே திரும்பக் கை காட்டினார். “நம்ம ஊர்க் கடல ஊர்லயே வுட்டுட்டு வந்திருக்கணும், ஜரீ” என்றார் அக்கா. அதற்குப் பிறகு ஊரிலிருந்து புறப்படும் எல்லோருக்கும் அதையே சொன்னார். ஊர்ப் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போ.

ரோட்டைக் கடப்பதைப் பற்றித்தான் அதிகம் மிரட்டுவார். நம் ஆட்கள் ரோட்டைக் கடக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் சந்து பார்த்து, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டம். அங்கே போயும் அப்படி ஓடி அடிபட்டவர்கள், அபராதம் கட்டியவர்கள் உண்டு. “வெள்ளக் கோடு எங்க கீதுன்னு பாரு. ரெண்டு ஸ்டாப் தள்ளி இருந்தாலும் நடந்து போய் அதுல நில்லு. கைய காட்டு. வண்டி நிக்கும். அப்பால மெதுவா போ. ஓடாத, ஓட்றவளதான் வண்டி அடிக்கும்” என்பார். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! சொல்லும்போது தையலை நிறுத்திவிட்டுக் கண்ணைப் பார்த்துச் சொல்வது இது ஒன்றைத்தான்.

ஊர்ப் பழக்கத்தை ஊரிலேயே விட்டவர், சார்ஜாப் பழக்கத்தைச் சார்ஜாவில் விட்டுவிட்டு வரவில்லை. அதுதான் வினை. இங்கே வந்தும் வெள்ளைக் கோட்டைத் தேடினார். எவரோ பெரிய மனிதர் வருகிறார் என்று ஒரு தடவை நம் ரோட்டிலும் கோடு போட்டார்கள். பெரிய மனிதர் போய்விட்டார். லாரிகள் சிந்தும் நிலக்கரித் தூளும் எண்ணெயும் சேறும் சேர்ந்து கோடு கோடாகவே தெரியாமல் போனது. அக்காவுக்கு மட்டும் அது இருக்கும் இடம் தெரியும். இட்லிக் கடை முனியம்மாவின் பெஞ்சுக்கு நேர் எதிரே. வீட்டிலிருந்து சுற்றிக்கொண்டு அங்கே வந்து, நின்று, கை காட்டி, நடப்பார். நான் கிண்டல் செய்திருக்கிறேன். சார்ஜா ராணி வருகிறார் என்று லாரிக்காரனுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறேன். தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளட்டும் என்றார்.

சாவு வீட்டில் என்ன பேசினார்கள் தெரியுமா? துபாய், சார்ஜாவில் எல்லாம் இருந்தவர், இங்கே ரோட்டைக் கடக்கத் தெரியாமல் போய்ச் சேர்ந்தாரே என்றார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மாலையை வைத்துவிட்டு, பார்த்துக் கடந்திருக்கலாம் என்று நாக்கு கூசாமல் சொன்னார். விசாரிக்க வந்த போலீஸ்காரர்களோ, கவனக்குறைவாக லாரிக்குக் குறுக்கே ஓடினார் என்று எழுதியே முடித்துவிட்டார்கள். லாரியை ஓட்டியவன் சொன்னான், எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடைபாதை முழுக்க டிரெய்லர்களை வரிசை கட்டி நிற்கவிட்டு, விளக்கும் சிக்னலும் இல்லாமல், மனிதர் கடக்க ஒரு வழியும் வைக்காமல், கடைசியில் செத்தவர் மேல் பழி.

அதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ. அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும்போது அக்காவின் மகள் ஷீலா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. “ஊருக்கெல்லாம் ஓடாத ஓடாதன்னு சொல்லுமே ஆன்ட்டி, அம்மா மட்டும் ஏன் ஓடுச்சி?” என்றாள். அம்மாவின் மேல் அவளுக்குக் கோபம். அழக்கூட முடியாத அளவுக்குக் கோபம்.

மறுநாள் நேராக முனியம்மாவிடம் போனேன். “ஓடுனாளா? ஆரு சொன்னா? எப்பவும் போல கைய நீட்டிகினு மெதுவாதான் போனா. நான் இட்லி எட்த்துகினு இருந்தேன், கண்ணால பாத்தேன்” என்றார். அவரையும் அழைத்துக்கொண்டு விசாரித்தவர்களிடம் போனேன். கடக்கும் கோட்டில்தான் அடிபட்டார் என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அங்கே கோடே கிடையாது, இல்லாத கோட்டில் எப்படிம்மா நடப்பது என்று கேட்டுப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனோம். இங்கே என்னோடு தைக்கும் கம்பெனிப் பெண்கள், ஸ்டெல்லா, அக்காவிடம் டீ குடித்துவிட்டு வெளிநாடு போய்த் திரும்பியவர்கள், எல்லோரும். முனியம்மாவின் பெஞ்சுகளைத் தூக்கி ரோட்டில் குறுக்கே போட்டோம். லாரிகள் ஹாரனை விடாமல் அடித்தன. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிச் சோப்புத்தூள் போட்டுத் துடைப்பத்தால் தேய்த்தோம். முதலில் மை போல் கறுப்புத் தண்ணீர்தான் ஓடியது. எனக்கே பயம் வந்துவிட்டது, ஒருவேளை கோடு முழுக்கத் தேய்ந்து போயிருந்தால்? பிறகு ஸ்டெல்லாவின் துடைப்பத்துக்கு அடியில் ஓர் ஓரம் வெளுத்தது. அப்புறம் ஒரு பட்டை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை வெள்ளை வெள்ளையாக எழுந்து வந்தது.

முனியம்மா வந்து மூன்றாவது பட்டையில் காலை வைத்து, இங்கேதான் விழுந்தாள் என்றார். ஷீலா அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து அந்தப் பட்டையை வெகு நேரம் பார்த்தாள். “ஓடல ஆன்ட்டி. நடந்துதான் போய்கீது” என்றாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

வெளுத்த கோட்டைப் போட்டோ எடுத்து, முனியம்மாவின் சாட்சியோடு போலீஸில் கொடுத்திருக்கிறோம். எழுதியதை இன்னும் மாற்றவில்லை. மாற்றும்வரை விடப் போவதில்லை. ரெஜினாக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய அந்த நடையைத்தான். நானும் இப்போது அங்கேதான் கடக்கிறேன், கையைக் காட்டி, எவன் ஹாரன் அடித்தாலும் ஓடாமல். கோடு இரண்டே நாளில் மறுபடி கறுத்துவிடுகிறது. பக்கெட் முனியம்மாவின் பெஞ்சுக்கு அடியில் இருக்கிறது. அக்கா வீட்டில் டீ குடித்தவர்கள் யாராக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் வாருங்கள். மாலை வேண்டாம், வீட்டிலிருந்து ஒரு துடைப்பம் எடுத்து வாருங்கள்.