விளம்பர நேரத்தில் பேசிய கிளட்ச் அக்கா

கிளட்ச் அக்காவுக்குத் தன் கணவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. மார்பில் ஒரு கட்டி. டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், வீட்டிலிருந்து யாரையாவது கூட அழைத்து வா என்று சொல்லிவிட்டார். இதைச் சொல்ல என்ன பெரிய கஷ்டம் என்றுதானே கேட்கிறீர்கள்? அந்த வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

வெளியே அவளுக்குப் பேச்சுப் பஞ்சமே கிடையாது. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். "கிளட்ச்ச விடாத, விடாதங்கிறேன்ல!" என்று அவள் போடுகிற சத்தத்தில் எதிரே வருகிற லாரிக்காரனும் கிளட்சை மிதித்துவிடுவான். அதனால் வந்த பெயர்தான் அது. கற்றுக்கொள்ள வந்தவர் பேங்க் மேனேஜராக இருந்தாலும் சரி, பேராசிரியராக இருந்தாலும் சரி, "கண்ணாடி எதுக்கு வச்சிருக்கு, தலை சீவவா?" என்று வாங்கிக்கட்டிக்கொள்ளாமல் இறங்க முடியாது. ஆனால் பேச்சு எப்போதும் துண்டு துண்டாகத்தான் வரும். வளவளவென்று இழுக்க மாட்டாள். கோபக்காரி என்று எல்லோரும் நினைத்தார்கள். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. விளம்பரம் முடிவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று பழகிய வாய் அது.

கணவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிற செக்கர். டிக்கெட் வாங்காமல் ஏறினவனைக் கண்டால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். வீட்டுக்கு வந்தாலும் அந்த எரிச்சல் அடங்காது. டி.வி.யில் விளம்பரம் வந்துவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவார். "நான் கூப்பிட்டேனா இவனை? என் வீட்டுக்குள்ள வந்து என்னையே பல்லு தேய்க்கச் சொல்றான். டிக்கெட் இல்லாம ஏறின பய!"

கல்யாணமான புதிதிலேயே ஐயா ஒரு சட்டம் போட்டார். படம் ஓடும்போது யாரும் மூச்சுவிடக் கூடாது. விளம்பரம் வந்ததும் சத்தத்தை அடைத்துவிட்டு, டி.வி.க்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்காருவார். பேச வேண்டியதை அப்போது பேசிக்கொள்ளலாம். விளம்பரக்காரனை அவமானப்படுத்துகிறாராம்! பாவம், அவன் அங்கே தூக்கம் வராமல் புரண்டிருப்பான்! பக்கத்தில் சற்றுப் பின்தள்ளி அவள் உட்கார்ந்திருப்பாள்; திரும்பினால் எதிரே அவள் முகம். ஆக, அந்த மகானுபாவர் பெண்டாட்டியின் முகத்தை நேராகப் பார்த்ததெல்லாம் சோப்புக்காரன் புண்ணியத்தில்தான்.

தலைப்பிள்ளை வயிற்றில் தங்கியதை அவள் ஒரு ஷாம்பு விளம்பரத்தில் சொன்னாள். கார் ஓட்டக் கற்றுத்தரப் போகிறேன் என்று சொன்னது சிமெண்ட் விளம்பரத்தில். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று அவர் கேட்டதற்கு, "பொம்பளையே பொம்பளைக்குச் சொல்லித்தந்தா என்ன குறைஞ்சிபோச்சு?" என்று அவள் திருப்பிக் கேட்டு முடிக்கவும் படம் தொடங்கவும் சரியாக இருந்தது. அவர் பதில் சொல்லாததையே சம்மதமாக வைத்துக்கொண்டு மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டாள். மகளின் கல்யாணப் பேச்சு மட்டும் பெரிய விஷயம். கிரிக்கெட் மேட்ச் அன்று ஓவருக்கு ஓவர் விளம்பரம் வரும் என்று காத்திருந்து, தவணை முறையில் பேசி முடித்தாள்.

போன மாதம் வாங்கியதுதான் இந்த ஸ்மார்ட் டி.வி. அடேங்கப்பா, என்ன புத்திசாலித்தனம்! போட்டவுடனே பாதித் திரையில் பிரிட்ஜ் விளம்பரம். படத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் திரையில் ஒருத்தி செருப்பு விற்றுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் முட்டிவலி வைத்தியம் ஒன்றை அதில் தேடிப் பார்த்தார். அன்றிலிருந்து முட்டித் தைலக்காரன் அவரை விடவே இல்லை. செக்கர் கொதித்துப்போனார். "என் முட்டி வலிக்குதுன்னு இவனுக்கு எவன் சொன்னது?"

எவன் சொன்னான்? இவரேதான். டி.வி. வந்த அன்று திரையில் கேட்ட அத்தனை கேள்விக்கும் படிக்காமலே 'சம்மதம்', 'சம்மதம்' என்று அமுக்கித் தள்ளியவர் இந்தப் புண்ணியவான்தான். நீ பார்ப்பதை நாங்களும் பார்க்கலாமா என்று டி.வி. கம்பெனிக்காரன் கேட்டிருக்கிறான். தாராளமாகப் பார் என்று சொல்லியிருக்கிறார். ஊரான் பையில் டிக்கெட் இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவுகிறவர், தன் வீட்டுக் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டுத் திருடன் திருடன் என்று கத்தினார்.

அப்புறம் ஆரம்பித்தது யுத்தம். செட்டிங்ஸில் நுழைந்து கொடுத்த சம்மதத்தை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடுங்கினார். தைலக்காரன் போனான், குழந்தை டயப்பர்காரன் வந்தான். இணையத்தையே பிடுங்கிப் பார்த்தார். விளம்பரம் நின்றது, படமும் நின்றது. கடைசியில் கூட வேலை பார்க்கிற கண்டக்டர் ஒருவர் வந்து ரௌட்டரில் ஏதோ ஓர் எண்ணை மாற்றி, விளம்பரம் வருகிற வழியையே அடைத்தார். அதற்கும் அடங்காத சினிமா ஆப்புக்கு விளம்பரம் இல்லாத சந்தா கட்டியாயிற்று. முகப்பில் பிரிட்ஜ் இல்லை. நடுவில் செருப்பு இல்லை. படம் போட்டால் தொடக்கத்தில் போடுகிற பெயர் முதல் கடைசியில் போடுகிற பெயர் வரை ஒரே ஓட்டம். எதிரி நாட்டைப் பிடித்த ராஜா மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார் செக்கர். "பார்த்தியா? ஒருத்தன் உள்ள வர முடியாது இப்ப!"

அன்று காலையில் குளிக்கும்போதுதான் அவள் கைக்கு அந்தக் கட்டி தட்டுப்பட்டிருந்தது.

சாயங்காலம் சொல்லலாம் என்று வழக்கம்போல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். படம் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அவர் திரும்பவே இல்லை. முடிந்ததும் நாற்காலியிலேயே குறட்டை. மறுநாள் "என்னங்க..." என்று ஆரம்பித்தாள். "உஷ், முக்கியமான கட்டம்" என்று கையை உயர்த்தினார். எந்தக் கட்டம் முக்கியமில்லை அவருக்கு? காலையில் பிடித்துச் சொல்லலாம் என்றால், விடிவதற்கு முன்பே அவள் காரை எடுத்தாக வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தில்தான் கற்றுக்கொள்ள வருவார்கள். மகளிடம் சொன்னால் அழுது ஊரைக் கூட்டுவாள். டாக்டரம்மாவிடம் தனியாகவே போய்வந்தாள். பரிசோதனைக்கும் தனியாகவே போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். ஆனால் பயமாக இருந்தது. எத்தனையோ பேருக்குப் பயம் தெளியவைத்தவளுக்கு, அந்த ஊசிக்குத் தனியாகப் போகத் துணிவு வரவில்லை. அவர் தன் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும் என்று இருந்தது.

புதன்கிழமை சாயங்காலமும் வந்துவிட்டது. திரையில் யாரோ யாரையோ துரத்திக்கொண்டிருந்தான். அக்கா எழுந்தாள். நேராகப் போய் டி.வி.க்கு முன்னால் நின்றாள்.

"ஏய், மறைக்காதம்மா! நல்ல இடம்!"

"நகர மாட்டேன். நான்தான் இப்ப விளம்பரம்."

"என்ன விளையாட்டு இது?" என்றார். என்றாலும் பழகிய கை ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடைத்துவிட்டது. முதுகைக் காட்டத் திரும்பப் போனவர், அவள் நிற்கிற விதத்தைப் பார்த்துப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"மார்ல ஒரு கட்டி இருக்கு. நாளைக்கு ஊசி வச்சு எடுத்துப் பாக்குறாங்க. கூட ஒரு ஆள் வரணுமாம். நீங்க வரணும். எனக்குப் பயமா இருக்கு."

அவ்வளவுதான், சொல்லி முடித்துவிட்டாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ரிமோட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எப்பலேருந்து இருக்கு?"

"பத்து நாளாச்சு."

"பத்து நாளா? பைத்தியக்காரி!" ரிமோட்டை நாற்காலியில் போட்டார். "பக்கத்துலயேதானே உக்காந்திருந்தேன்? ஏன் சொல்லல?"

"எப்பங்க சொல்றது?" என்றாள் கிளட்ச் அக்கா. "நீங்கதான் விளம்பரத்தையெல்லாம் நிறுத்திட்டீங்களே."