ருக்குமணி சாப்பிட்ட சந்தகை

பொற்கொடியின் உடம்பிலிருந்து இருபது கிலோ இறங்கிப் போனதும், உள்ளேயிருந்து வேறொருத்தியின் முகம் வெளியே வந்தது.

அதை முதலில் கண்டுகொண்டவள் தாய் மயிலாத்தாள். துடியலூரில் மகன் வீட்டில் இருக்கும் கிழவி. நினைவு தப்பித் தப்பி வரும். காலை நடை முடித்து, வேர்வையில் தலை நனைய, தம்பி வீட்டுப் படியேறிய பொற்கொடியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ருக்கு, வந்துட்டயா கண்ணு? தலையெல்லாம் ஈரமா இருக்குதே" என்று முந்தானையால் துவட்டிவிட்டாள்.

ருக்குமணி, பொற்கொடியின் அக்கா. ஆடிப் பதினெட்டுக்குக் கொடுமுடியில் ஆற்றில் இறங்கியவள் கரையேறவில்லை. முப்பது வருசமாகிறது. பொற்கொடி வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். அக்காவின் அதே ஒட்டிய கன்னம்தான்.

அவள் இளைத்தது அழகுக்காக அல்ல. மகன் மனோஜ்குமாருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு, டயாலிசிஸில் காலம் ஓடுகிறது. தாயுடையது பொருந்துகிறது, எடை எழுபதுக்குக் கீழே வந்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தொண்ணூற்றிரண்டிலிருந்து சரசரவென இறங்கிய முள், எழுபத்திரண்டில் சண்டிமாடு மாதிரி நின்றுகொண்டது. இரண்டு மாதமாக அசையவில்லை.

"ஏனுங்கம்மா, ஒளிச்சு வெச்சு எதாச்சும் திங்கறீங்களா?" மனோஜ் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். முகம் வீங்கியிருந்தது.

"ராகித்தோசையும் மோருந்தான் சாமி. உம்மேல சத்தியம்."

பொய்ச் சத்தியமல்ல என்றே அவள் நம்பினாள். தினமும் மயிலாத்தாள், இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகையில் தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றி, "ருக்கு, சாப்புடு" என்று தட்டை நீட்டுவாள். அழைத்தது அக்காவை, ஊட்டியது அக்காவுக்கு, விழுங்கியவளும் அக்காதானே? அமாவாசைப் படையலைச் செத்தவர்கள் வந்து சாப்பிடுகிறார்கள் என்பதில் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. செத்தவள் தின்றது இருக்கிறவள் உடம்பில் எப்படி ஒட்டும்? இத்தனைக்கும் பொற்கொடிக்குச் சிறுவயது முதல் தேங்காய்ப்பால் குமட்டும். இப்போது குமட்டவில்லை.

சந்தகை பிழிந்து கொடுக்கும் தம்பி மனைவி புவனா ஒருநாள் நாத்தனாரைத் தனியே இழுத்தாள்.

"நங்கையா, நீங்க எந்திரிச்ச எடத்துல தெனமும் தண்ணி தேங்கி நிக்குதுங்க."

"வேர்வையா இருக்கும்."

"வேர்வையில மணல் வருமுங்களா?"

பொற்கொடி சேலை ஓரத்தை உதறிப் பார்த்தாள். அதே வாரம் டாக்டர், இனிமேலும் தள்ளிப்போட்டால் பையன் தாங்கமாட்டான் என்றார்.

மறுநாள் தட்டு நீண்டபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாங்கம்மா. எனக்குப் பசியே எடுக்கறதில்லீங்க."

வாயைத் திறந்தவள் அவள்தான். வந்த குரல் சன்னமாக, வேறாக இருந்தது.

மயிலாத்தாளின் கை அந்தரத்தில் நின்றது. "பசியே இல்லீனா... நீ செத்துப்போயிட்டயா கண்ணு?"

அடுப்படியில் புவனா பாத்திரத்தை நழுவவிட்டாள்.

இல்லை என்றால் தட்டு மறுபடி நீளும். ஆமாம் என்றால் தாய் மகளை இரண்டாம் தரம் பறிகொடுப்பாள். மனோஜின் வீங்கிய முகம் பொற்கொடியின் கண்ணுக்குள் வந்து நின்றது.

"ஆமாங்கம்மா. எப்பவோ போயிட்டனுங்க."

கிழவி அழவில்லை. "ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமல்லோ" என்றாள். சந்தகையைத் தட்டுப்போட்டு மூடினாள். "உந் தங்கச்சி இருக்கறாளா?"

"இருக்கறாங்கம்மா."

"அவளயாச்சும் வரச்சொல்லு."

அந்த மாதக் கடைசியில் முள் அறுபத்தொன்பதுக்கு இறங்கியது. தேதி குறித்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் பொற்கொடி தாயிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். மயிலாத்தாள் தெளிவாக அவளைப் பேர்சொல்லிக் கூப்பிட்டு, விபூதி பூசிவிட்டாள்.

"பயப்படாத பொற்கொடி. துணைக்குக் கூட வாரேன்னு ருக்கு சொல்லியிருக்கறா."